வாய்க்குள் கூட்டிய கணக்கு

மழை... இரத்தினபுரி மழை. ஆரம்பித்தால் நிறுத்த மறந்துவிடுகிற மழை.

தனுஜா கல்லூரி மாடிப்படி ஏறி வகுப்பு வாசலுக்கு வந்தபோது பின்னலில் இருந்து தண்ணீர் சொட்டியது. பதினைந்து நிமிடம் தாமதம். நல்லவேளை, இடைநிலை நிதிக் கணக்கியல் சார் இன்னும் வரவில்லை. அப்பாடா என்று கடைசி பெஞ்சை நோக்கி நடந்தவள் அப்படியே நின்றாள்.

அவளுடைய இடத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்!

ஜன்னலோர மூலை. இரண்டாம் வருடம் தொடங்கிய நாளிலிருந்து அவளைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காத மூலை. அங்கே ஒருவன்... ஈரக் குடையையும் அதே மேசையில் சாத்தி வைத்துக்கொண்டு...

“ஏக மகே தென,” என்றாள் விறைப்பாக. அது என் இடம் என்று சிங்களத்தில் சொன்னாள்.

அவன் நிமிர்ந்தான். ஐயோ, அந்தக் கண்கள்... பெரிய கண்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் உதடு சிரிப்பதற்கு முன்பே சிரித்துவிடுகிற கண்கள்.

“பெயர் எழுதியிருக்கிறதா?” அவனும் சிங்களத்திலேயே கேட்டான். இந்த வகுப்பில் எல்லோரும் பேசுவது சிங்களம்தான். உங்களுக்காக நான் தமிழில் எழுதுகிறேன்.

“பெயர் இல்லை. ஆனால் அந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அதற்கடியில் மடித்து வைத்திருக்கும் தாள் என்னுடையது.”

அவன் குனிந்தான். தாளை உருவினான். தூசி தட்டி, இரண்டு கைகளாலும் மரியாதையாக நீட்டினான். “இந்தாருங்கள்... உங்கள் சொத்து.”

மேசை ஆடியது. குடை சரிந்தது. அவனுடைய புதுக் கொப்பி முழுக்க நனைந்தது. தனுஜா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் உறைத்தது... இப்படிச் சிரித்து எத்தனை மாதமாகிறது? தன் சிரிப்புச் சத்தமே அவளுக்கு யாருடையதோ போல இருந்தது.

பெயர் தினேஷ். போன வருடம் இதே பாடத்தில் பெயிலாகி, மறுபடியும் எழுத வந்திருக்கிறான். “என் கூட்டாளிகள் எல்லாம் மேலே போய்விட்டார்கள். நான் மட்டும் இங்கே,” என்றான் விளையாட்டாக. விளையாட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தனியாக இருப்பவர்களுக்கு அது தெரியும்.

ஊர் கேட்டாள். புளத்கொகுபிட்டிய என்றான். அவன் கேட்டான். யட்டியாந்தோட்டை என்றாள். அதற்கு மேல் இரண்டு பேரும் கேட்கவில்லை.

அதற்கு மேல் அவள் யாரிடமும் சொல்வதில்லை.

முதல் வருடம், முதல் வாரம். முன் பெஞ்ச் நெத்மி பஸ்ஸில் வந்த ஒரு பெரியவரைப் போலச் செய்து காட்டினாள். தோட்டத்துத் தமிழர் சிங்களம் பேசுகிற விதமாம். நெத்மி கெட்டவள் இல்லை. தன் சோற்றுப் பார்சலில் பாதியைக் கேட்காமலே தருகிறவள். எல்லோரும் சிரித்தார்கள். தனுஜாவும் சிரித்தாள். சிரித்த பிறகு எந்த வாயால் சொல்வது, நான் அந்தத் தோட்டத்துப் பெண்தான் என்று? தனுஜா என்ற பெயர் எந்தப் பக்கமும் போகும். உச்சரிப்பும் சுத்தம். அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்... இவள் திருத்தவில்லை. அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த நாளிலிருந்து அவள் நெத்மியின் பக்கத்தில் உட்காரவில்லை.

நாள் முழுக்கத் தமிழ் கிடையாது. மத்தியானம் ரப்பர் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு, காலையில் ஆட்களுக்குப் பேர் போடுகிற, சிக்னல் கிடைக்கும் பிரட்டுக்களத்துக்கு வந்து அம்மா கோகிலா போன் எடுப்பாள். தனுஜா காண்டீனுக்குப் பின்னால் போய், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நின்று பேசுவாள்.

“சாப்டியா பாப்பா?”

“ம்.”

“அங்கிட்டும் மழையா? இங்க நாலு நாளா விடல. பால் வெட்டு இல்ல, பேரும் இல்ல. பொட்டு வச்சிருக்கியா?”

“ம்... வச்சிருக்கேன்மா.”

வைக்கவில்லை. ஒரு நாளும் வைத்ததில்லை. மற்றப் பெண்கள் மழையைப் பார்த்துப் பாட்டு முணுமுணுப்பார்கள். அவளுக்கு மழை என்றால் ரப்பர் மரம் நனைந்து, அம்மாவுக்கு அன்றைய பேர் விழவில்லை, சம்பளம் போய்விட்டது என்று அர்த்தம். இதை யாரிடம் சொல்வாள்? போடிங் அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வார்த்தை பேசாமல் இருட்டும்வரை உட்கார்ந்திருப்பாள்.

இப்போது தினேஷ் இருந்தான். மூன்று மாதம்... கடைசி பெஞ்சில், ஆடாத மேசையில். தேய்மானமும் குத்தகையும் அவனுக்குப் பிடிபடாது. அவள் சொல்லிக்கொடுப்பாள். அவன் நன்றாகப் புரிந்தது போலத் தலையாட்டிவிட்டு, “மறுபடியும் முதலில் இருந்து?” என்பான். அந்தக் கண்கள் சிரிக்கும். எந்த வரியில் நின்றோம் என்பதை அவள் மறந்துவிடுவாள்.

வேண்டாம் தனுஜா... அவன் சிங்களவன். நீ யார் என்று தெரிந்தால் இந்தச் சிரிப்பு இருக்குமா? இருந்தாலும் உன் வீட்டில் விடுவார்களா?

ஆனாலும் போடிங் அறையில், கண்ணாடிக்கு முன்னால், ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பார்க்கத்தான் செய்தாள். மம ஒயாட்ட ஆதரெயி. உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது. சிங்களத்தில் சொல்வதற்குச் சுலபமாகவே இருந்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை... இடியும் மழையும். வகுப்பு முடிந்து எல்லோரும் போய்விட்டார்கள். இவர்கள் இருவரும் ஒரு காசுப் பாய்ச்சல் கூற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். முடிவு மீதி பத்தால் இடித்தது. படார் என்று கரண்ட் போனது. அவளுடைய கல்குலேட்டர் வெளிச்சத்தில் ஓடுகிற மலிவு ரகம். இலக்கங்கள் மங்கி மறைந்தன. அவனிடம் கல்குலேட்டரே கிடையாது.

“பரவாயில்லை, நான் கையாலே கூட்டுகிறேன்,” என்று அவன் தாளை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டான். பென்சில் நுனி மேலிருந்து கீழே இறங்கியது. உதடுகள் அசைந்தன. மழைச் சத்தத்துக்குள் மெல்லிய முணுமுணுப்பு...

“எட்டும் ஆறும் பதினாலு... பதினாலும் ஒம்பதும் இருவத்தி மூணு... ஏழு, முப்பது... அஞ்சு, முப்பத்தஞ்சு. அஞ்ச போட்டு... கைல ரெண்டு...”

“ரெண்டு இல்ல, மூணு. முப்பத்தஞ்சுக்கு கைல மூணு.”

பென்சில் நின்றது.

தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு அப்புறம்தான் புரிந்தது. எந்த மொழியில் சொன்னோம் என்பது அதற்கும் அப்புறம். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வெளியே மின்னியது.

“நீங்க... தமிழா?” என்றான் தினேஷ்.

“நீங்க தமிழா?” என்றாள் தனுஜா.

“மூணு மாசமா எங்கிட்ட சிங்களத்துல திட்டிக்கிட்டு இருந்தீங்களே!”

“நீங்க மட்டும் என்னவாம்? தமிழ்லயா திட்டு வாங்குனீங்க?”

அவன் மேசையில் தலையை வைத்துச் சிரித்தான். அவளும் சிரித்தாள்... கண்ணில் நீர் வரும்வரை. எங்கப்பா பால் வெட்டுறாரு என்றான். எங்கம்மாவும்தான் என்றாள். உங்க லய வரிசையில எத்தனையாவது வீடு? உங்க தோட்டத்துக் கோயில் திருவிழா எப்போ? கொட்டித் தீர்த்தார்கள். தமிழ்... வாய் நிறையத் தமிழ்...

அப்போதுதான் அவன் அதைக் கேட்டான். சாதாரணமாகத்தான் கேட்டான்.

“கிளாஸ்ல ஒருத்தருக்கும் தெரியாதா? ஏன் மறைச்சீங்க?”

“நீங்களும்தானே மறைச்சீங்க.”

“நான் மறைக்கலயே... யாரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். நீங்க சிங்களம்னு நெனச்சுத்தான் சிங்களம் பேசுனேன்.”

சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கிவிட்டது. “அப்ப நான் மட்டும் பொய்க்காரி.”

“ஐயோ, நான் அப்படி சொல்லல தனுஜா...”

“சொன்னீங்க.”

கொப்பிகளை அள்ளிக்கொண்டு மழையிலேயே இறங்கிப் போனாள். அவன் சொன்னது உண்மை. அதனால்தான் அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மூன்றாவது வரிசையில், சுவரோரம் போய் உட்கார்ந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வாரம்... பத்து நாள்... முன்பு தனிமை பழகிப்போயிருந்தது. இப்போது பழக்கம் விட்டுப்போயிருந்தது. அதுதான் கொடுமை. அவன் இரண்டு தடவை பக்கத்தில் வந்து நின்றான். அவள் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மூன்றாவது தடவை அவன் வரவில்லை.

வெள்ளிக்கிழமை. சார் புதுப் பாடம் தொடங்கினார். தேயிலை, ரப்பர்த் தோட்டங்களின் கணக்கு. பலன் தரும் மரங்களும் சொத்துத்தான்... அவற்றுக்கும் தேய்மானம் உண்டு... பலன் தரத் தொடங்கிய பிறகு.

“சரி, ஒரு ரப்பர் மரம் எத்தனை வருடத்தில் பால் தரத் தொடங்கும்?”

“இரண்டு வருடம்?” என்று யாரோ இழுத்தார்கள். சார் இல்லை என்று தலையசைத்தார். தனுஜா தன்னையறியாமல் பின்னால் திரும்பினாள். தினேஷுக்குப் பதில் தெரியும். கண்டிப்பாகத் தெரியும். அவன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான்... வாயைத் திறக்கவில்லை. தான் பேசினால் இவளுக்கு இன்னும் வலிக்கும் என்று நினைக்கிறானா? அந்த மூலையில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். அது அவள் உட்கார்ந்திருந்த விதம்.

எழுந்துவிட்டாள்.

“ஆறு, ஏழு வருடம் சார். வயது மட்டும் போதாது. மரத்தின் சுற்றளவு இருபது அங்குலம் வந்த பிறகுதான் வெட்டுவார்கள்.”

“எப்படித் தெரியும்?”

“மகே அம்மா ரப்பர் கபனவா சார். அம்மா பால் வெட்டுகிறவர். எங்கள் வீடு தோட்டத்தில், லயத்தில். நாங்கள் தமிழ்.”

நெத்மி சட்டென்று திரும்பினாள். காது மடல்கள் சிவந்திருந்தன. இதோ முடிந்தது என்று தனுஜா நினைத்தாள்.

“நல்லது,” என்றார் சார். “எத்தனை வருடம் வெட்டலாம்?”

“இருபது... இருபத்தைந்து, சார்.”

“அப்படியானால் இந்தக் கணக்கில் இருபது என்று எடுத்துக்கொள்வோம்.” பலகையில் எழுதினார். எல்லோரும் குனிந்து பார்த்து எழுதினார்கள். ஒன்றரை வருடமாக எதற்குப் பயந்தாளோ, அது இவ்வளவுதான். நெத்மி பெஞ்சில் இருந்த தன் பையை எடுத்துக் கீழே வைத்து, தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

நாலு மணி. கொட்டும் மழையில், அவர்கள் ஊர்ப் பக்கம் போகும் அவிசாவளை பஸ் நிலையத்தில் புறப்படக் காத்திருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளின் பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள்.

“உக்காரலாமா? பேர் எழுதியிருக்கா?”

அவள் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“நீங்க பொய்க்காரின்னா நானும்தான்,” என்றான் மெதுவாக. “நானும் ஒன்னு மறைச்சேன்... ரெண்டு மாசத்துக்கு முந்தியே எங்கம்மாகிட்ட சொல்லிட்டேன். கிளாஸ்ல ஒரு சிங்களப் புள்ளைய புடிச்சிருக்கு, கட்டுனா அவங்களத்தான்னு.”

“என்னைக் கேக்காமயா?”

“உங்களக் கேக்க பயம். அம்மாகிட்ட சொல்லிட்டா பெறகு பின்வாங்க முடியாதுல்ல.”

“அம்மா... என்ன சொன்னாங்க?”

“ஒன்னும் சொல்லல. ரெண்டு மாசமா ஒரு வார்த்த பேசல. நான் வீட்டுக்கு போனா, சோத்த வச்சிட்டு அங்கிட்டு திரும்பி நின்னுக்கும்.”

இரண்டு மாதம்... உலகத்தில் தன்னை நினைக்க அம்மாவைத் தவிர யாருமில்லை என்று அந்தப் போடிங் அறையில் சுருண்டு கிடந்த அதே இரண்டு மாதம்... அவளுக்குத் தெரியாத ஒரு லயத்தில், அவளுக்காக ஒருவன் பேச்சுத் துணையில்லாமல் சாப்பிட்டிருக்கிறான். அவள் யார் என்றே தெரியாமல். தமிழா சிங்களமா என்று பார்க்காமல்.

“போன ஞாயித்துக்கிழமைதான் வாயத் தொறந்துச்சு. ‘சரி, கூட்டிட்டு வா. எனக்கும் சிங்களம் தெரியும். நான் பேசிக்கிறேன்’னு.”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. “அப்ப நான் தமிழ்னு நீங்க சொல்லலயா?”

“யாருன்னு சொல்றது? நீங்கதான் கோவிச்சுக்கிட்டு சுவரோரம் போயிட்டீங்களே...” அந்தக் கண்கள் இப்போது சிரிக்கவில்லை. பயந்துபோயிருந்தன. “நான் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லிட்டேன் தனுஜா. இனி நீங்கதான்...”

கண்ணாடி முன்னால் பழகிய அந்தச் சிங்கள வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. வேண்டாம். அதைத் தமிழில் சொல்ல அவள் ஒருபோதும் பழகியதில்லை. தமிழில் அது கூச்சமாக இருந்தது... பயமாக இருந்தது... ஒளிந்துகொள்ள இடமே இல்லாமல் இருந்தது. பஸ் நிறைய ஆட்கள். கொண்டக்டர் மிதிபலகையில் நின்று கூவிக்கொண்டிருந்தார். முன் சீட்டில் நெத்மியின் கூட்டாளிகள் இருவர்.

“எனக்கு உங்கள புடிச்சிருக்கு,” என்றாள்.

“என்ன? மழையில கேக்கல.”

கேட்டிருக்கும். கேட்காமல் என்ன! ஆனாலும் அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எனக்கு உங்கள ரொம்ப புடிச்சிருக்கு, தினேஷ்!”

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று அவள் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.