தண்ணீர் தாங்கும் கார்டு

காமிரா காய்ந்திருந்தது. அதற்குள் இருந்த கார்டு மட்டும் நனைந்திருந்தது.

அக்கா அதை இரண்டு விரலால் பிடித்து வெளியே எடுத்தாள். ஒரு சொட்டு கவுண்டர் கண்ணாடிமேல் விழுந்தது. உப்பு வாடை அடித்தது. மதியம் இரண்டு மணிக்குத் தன் காமிராக் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, உறையைப் பிரித்துத் தன் கையாலேயே போட்ட புது மெமரி கார்டு அது. இப்போது மணி நாலு. இந்த இரண்டு மணி நேரமும் காமிரா கவுண்டரைவிட்டு நகரவில்லை; அவளும் இரண்டடி தள்ளிப் பெஞ்சில்தான் கண்ணயர்ந்திருந்தாள். வெளியே மழை கொட்டியது உண்மை. ஆனால் கடைக்குள் ஒரு பொட்டு ஒழுக்கு கிடையாது. கூரையை அண்ணாந்து பார்த்தாள். காமிராவைக் கவிழ்த்து உலுக்கினாள். கார்டு போடும் குழிக்குள் காகிதத்தைச் சுருட்டி விட்டு எடுத்தாள். காகிதம் மொறுமொறுவென்று வந்தது.

துடைத்துக் கம்ப்யூட்டரில் செருகினாள். உள்ளே மூன்று படங்கள் இருந்தன. அவள் ஒன்றுகூட எடுக்கவில்லை.

மூன்றும் கறுப்பு. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள். கரும்பச்சையாக ஏதோ ஒரு கலங்கல். அதில் கீழிருந்து மேலே போகும் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள். தண்ணீருக்குள் யாரோ மூச்சு விட்டால் எழும்பும் குமிழிகள் அப்படித்தான் இருக்கும். இன்னும் கொஞ்சம் கூட்டுவதற்குள் கார்டு செத்துவிட்டது. அதன்பிறகு எந்தக் கம்ப்யூட்டரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

படங்களின் எண்கள் மட்டும் மனதில் தங்கின. 6119, 6120, 6121. தம்பியின் இந்தக் காமிரா 6118-வது படத்தோடு நின்றிருக்கிறது என்று ரிப்பேர்காரர் அன்று காலையில்தான் சொல்லியிருந்தார்.

அந்தக் கடைவரிசையில் எல்லாருக்கும் அவள் அக்கா. அவளைவிடப் பத்து வயது பெரியவரான ரிப்பேர்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். உரிமையோடு அப்படிக் கூப்பிட்டவன் தம்பி ஒருத்தன்தான். மழை வந்தால் ஊரே கூரை தேடி ஓடும், அவன் மட்டும் காமிராவைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவான். அம்மா அவனுக்கு வைத்த பெயர் வாத்து. அலைகளைப் படம் எடுத்துக் காலண்டர்காரர்களுக்குக் கொடுப்பது அவன் பிழைப்பு. இரண்டு மாதத்துக்கு முன்னால், நீந்தத் தெரிந்த அந்த வாத்தை, அலை தடுக்கும் கல்வரிசையின் நுனியிலிருந்து கடல் எடுத்துக்கொண்டது.

மூன்றாம் நாள் கிடைத்தான். சட்டையைக் காட்டினார்கள், அவனுடையதுதான் என்றாள். முகத்துணியை விலக்கச் சொன்னபோது அங்கிருந்த காவல்காரர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம்மா. நல்லா இருந்தப்போ பார்த்த முகமே மனசுல இருக்கட்டும்."

அவள் கேட்டுக்கொண்டாள். ஆனால் நல்லா இருந்தபோது பார்த்த முகம் என்று வீட்டில் ஒரு படம் இல்லை. ஊரையெல்லாம் படம் எடுத்தவன் ஒரு படத்திலும் இல்லை. தேடித் தேடிப் பார்த்ததில் ஒரு பழைய படத்தின் ஓரத்தில் பாதிக் காதும் தோளும் கிடைத்தன, அவ்வளவுதான். "ஒரு நாள் டைமர் வச்சு நாம ரெண்டு பேரும் சேர்ந்து எடுக்கலாம்க்கா" என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அம்மா வாங்கி வைத்த படச்சட்டம் இன்னும் காலியாகச் சுவரில் தொங்குகிறது.

"அவனோட தெத்துப்பல்லு எனக்கு மறந்துடுமோன்னு பயமா இருக்குடி" என்றாள் அம்மா. தினமும் அக்கா கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பாள். "ஏதாவது கிடைச்சுதா?"

பெற்ற வயிறு.

அக்காவுக்கு வேறொரு பாரமும் இருந்தது. அதை அம்மாவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. வாடிக்கையாளர் குறை சொல்லித் திருப்பிக் கொடுத்த கார்டுகளில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்துத் தனியாகப் போட்டுவைப்பாள். காமிராவை வேலை செய்து காட்ட மட்டும் அவற்றை எடுப்பாள். அவன் போன நாள் காலையில், மழை தாங்கும் காமிரா வேண்டுமென்று ஒருவர் வந்தார். தம்பியின் காமிராவையே வாங்கி, அதற்குள் புள்ளி வைத்த கார்டைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். அவரும் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனார். கார்டை மாற்றாமலே காமிராவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டாள்.

மதியம் அவனிடமிருந்து போன் வந்தது. "அக்கா, கார்டு புட்டுக்கிச்சு. காலையில எடுத்த நூறு படமும் போச்சு. கையில வேற ஒண்ணு இருக்கு, திரும்பக் கல்லுக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

போனால் போகிறது, வீட்டுக்கு வாடா என்று சொல்லியிருக்கலாம். "சரி, சீக்கிரம் வா" என்றாள். அவளுக்கு அந்த நேரத்தில் கவுண்டரில் ஆள் நின்றுகொண்டிருந்தார்.

முதல் கார்டைப் போடுவதற்கு முந்தின நாள் வலைக்காரர் ஒருவர் காமிராவைக் கல்லிடுக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இரண்டு மாதம் கடலில் கிடந்தும் அதன் ரப்பர் வளையங்கள் தண்ணீரை உள்ளே விடவில்லை. ரிப்பேர்காரரே அசந்துபோனார். அதற்குள் இருந்த கார்டு மட்டும் இரண்டாகப் பிளந்திருந்தது. மாற்றுக் கார்டு அது, புள்ளி இல்லை.

முதல் கார்டு செத்த மறுநாள் மதியம் அலமாரியிலிருந்து 'தண்ணீர் தாங்கும்' என்று அட்டையில் அச்சடித்த கார்டு ஒன்றைப் போட்டாள். ஏன் போட்டாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. படுத்தாள். தூக்கம் வந்தது, அதுதான் அதிசயம். நாலு மணிக்கு எடுத்தபோது கார்டிலிருந்து தண்ணீர் நூலாக வழிந்தது.

இந்த முறை பதினொரு படங்கள். பாசி பிடித்த கல், கீழிருந்து மேலாக. கல்வரிசையின் படிகள். ஈரத் தார்ச்சாலை. ஒரு பஸ் நிறுத்தம், ஆளில்லை. கல்லைத் தவிர மற்றதெல்லாம் ஒரு மனிதன் நிற்கும் உயரத்திலிருந்து எடுத்தவை. ஒவ்வொரு படத்திலும் தெரு இன்னும் கொஞ்சம் பழக்கப்பட்டதாக இருந்தது. கடைசிப் படம் ஒரு மூடிய கடையின் கண்ணாடி. அதில் எடுத்தவனின் பிம்பம் விழுந்திருந்தது: மழைச்சட்டை, தலைமூடி, முகத்துக்கு நேராகப் பிடித்த காமிரா. காமிராவைப் பிடித்திருந்த விரல்கள் ஊறிய துணியைப் போல வெளுத்துத் தொங்கின.

முகம் தெரியவில்லை. அங்கேயே கார்டு செத்துவிட்டது.

ரிப்பேர்காரரைக் கூப்பிட்டாள். படங்களைப் பற்றி மூச்சுவிடவில்லை. அவர் காமிராவைப் பிரித்துப் போட்டு, கண்ணில் லென்சை இடுக்கிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள எலும்பு மாதிரி காஞ்சிருக்குக்கா. ஒரு துளி இல்ல." திருகாணிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பூட்டினார். பிறகு, தலை நிமிராமலே சொன்னார். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டியே? இதுல இனிமே கார்டு போடாத. சும்மா ஒரு ஞாபகத்துக்கு வச்சுக்கோ."

"ஏன்?"

"நேத்து காலையில பிரிச்சு வச்சிருந்தேன், பேட்டரிகூட இல்ல. அப்பவும் ரெண்டு தடவ க்ளிக்குனு கேட்டுச்சு."

அன்று வீட்டில் அம்மா கேட்டாள். "ஏதாவது கிடைச்சுதா?"

"நாளைக்குக் கிடைக்கும்மா" என்றாள் அக்கா. வாயிலிருந்து வந்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

காலையில் கடையைத் திறந்ததும் கார்டுகளைக் கவுண்டரில் பரப்பினாள். எது எங்கே உடையும் என்று இத்தனை வருஷத்தில் அவளுக்கு அத்துப்படி. சாதாரணக் கார்டு என்பது இரண்டு தகடுகளை ஒட்டியது. தண்ணீரில் ஊறினால் ஒட்டு விட்டுப்போகும். படம் அழியாமல் பூட்ட ஓரத்தில் இருக்கும் சின்ன நாக்கு முதலில் கழன்று விழும். காமிராவைத் தொடும் பித்தளைப் பற்களுக்கு நடுவில் உள்ள மெல்லிய தடுப்புகள் அடுத்தது. இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனதில் ஒன்று மிஞ்சியது. ஒட்டே இல்லாமல் ஒரே வார்ப்பாகச் செய்தது. நாக்கும் இல்லை, தடுப்பும் இல்லை. அதன்மேல் ஏறி நின்றாள். ஒரு டம்ளரில் கையளவு உப்பைக் கரைத்து மூழ்கடித்தாள். கொதிக்கிற தண்ணீரிலும் போட்டு எடுத்தாள். ஒவ்வொரு முறையும் அது முதல் நாள் மாதிரியே வேலை செய்தது.

இதை விற்கும்போது எல்லாரிடமும் ஒரே பல்லவியைத்தான் பாடுவாள். "காமிரா போனாலும் கார்டு நிக்கும். தாராளமா நாலாயிரம் படம் எடுக்கலாம்." அன்று தம்பிக்கு இதைக் கொடுத்திருந்தால் அவன் திரும்பக் கல்லுக்குப் போயிருக்க மாட்டான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. அழுகை வந்தது, கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு கார்டைத் துடைத்து, காமிராவுக்குள் தள்ளி, மூடியை அழுத்தினாள்.

மணி இரண்டு. ஷட்டரை ஒரு முழம் இடைவெளி விட்டு இறக்கினாள். மழை இருட்டு கட்டியிருந்தது. அந்த இடைவெளி வழியாகச் சாம்பல் நிற வெளிச்சம் தரையில் பாய்போலக் கிடந்தது. கடைவரிசையில் எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். தகரத்தில் மழை அறைந்துகொண்டே இருந்தது, அதற்கு அடியில் சாக்கடை ஓடும் சத்தம், அதற்கும் அடியில் சுவர்க் கடிகாரம். அவள் காமிராவைக் கவுண்டர்மேல் தன்னைப் பார்க்குமாறு வைத்து, அதன் சின்னத் திரையைத் தன் பக்கம் மடக்கித் திருப்பிக்கொண்டு பெஞ்சின் நடுவில் உட்கார்ந்தாள். இன்றைக்குத் தூங்கப்போவதில்லை.

க்ளிக்.

கவுண்டரிலிருந்த காமிராவிலிருந்துதான் சத்தம் வந்தது. ஆனால் திரையில் விழுந்த படத்தில் அவள் இல்லை. கல்வரிசைப் படிகள் இருந்தன.

க்ளிக். பஸ் நிறுத்தம். க்ளிக். அந்தக் கண்ணாடிக் கடை. நேற்று கார்டு செத்த இடம் அது. இந்தக் கார்டு தாங்கியது. அடுத்த படத்தில் கடைவரிசையின் நடைபாதை தெரிந்தது, அதற்கடுத்து ரிப்பேர்காரரின் பெயர்ப்பலகை. அவர் கடை இங்கிருந்து இரண்டு கடை தள்ளி.

மழைச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. தண்ணீர் நிறைந்த ஷூ. சளக். சற்று நேரம் கழித்து, சளக்.

க்ளிக். அவள் கடையின் ஷட்டர், வெளியிலிருந்து.

தரையில் கிடந்த சாம்பல் வெளிச்சத்தை ஏதோ மறைத்தது. கடல் வாடை வந்தது. கல்லிடுக்கில் செத்துக் கிடப்பவற்றின் வாடையும். அவள் ஷட்டரைப் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. திரையை மட்டும் பார்த்தாள்.

க்ளிக். பெஞ்சின் கால்கள், தரையிலிருந்து.

க்ளிக். அவளுடைய பின்கழுத்து.

ஓடத் தோன்றியது. ஓடினால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தோன்றியது. அதைவிட, இரண்டு மாதமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது இப்போது தானாக வாயில் வந்தது.

"அந்தக் கார்டை நான்தான்டா போட்டேன். சிவப்புப் புள்ளி வச்சது. மாத்த மறந்துட்டேன்."

முதுகுக்குப் பின்னால் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுவது மட்டும் கேட்டது.

"வீட்டுக்கு வந்துடுன்னும் சொல்லல. கவுண்டர்ல ஆள் இருந்துச்சு. என் தப்புதான் வாத்து."

காமிராவின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்ட ஆரம்பித்தது.

டைமர். பத்து வினாடி.

அவளுக்குப் புரிந்தது. கன்னத்தைத் துடைத்தாள். முடியை ஒதுக்கினாள். பெஞ்சின் நடுவிலிருந்து ஓரத்துக்கு நகர்ந்து, இடம் விட்டாள்.

பெஞ்சு அந்தப் பக்கம் தாழ்ந்தது. சில்லென்று ஈரம் அவள் புடவை வழியாக ஏறியது. தோளில் ஒரு கை விழுந்தது. கனமாக. விரல்கள் சரியான எண்ணிக்கையில் இல்லை.

விளக்கு வேகமாகச் சிமிட்டியது. அவள் காமிராவைப் பார்த்துச் சிரித்தாள்.

க்ளிக்.

திரையில் படம் வந்தது. அக்காவும் தம்பியும். காவல்காரர் ஏன் கையைப் பிடித்துக்கொண்டார் என்று இப்போது தெரிந்தது. கண்கள் இருந்த இடத்தில் கண்கள் இல்லை. கன்னம் இல்லை, உதடும் இல்லை. பற்கள் மட்டும் முழுதாக இருந்தன. இடது பக்கம் அந்தத் தெத்துப்பல், அப்படியே, அவனுடையதுதான்.

அவள் கதறவில்லை. சட்டத்தின் அளவு நினைவுக்கு வந்தது. அம்மா கதவைத் திறந்து, தான் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பது நினைவுக்கு வந்தது.

"போதும்டா" என்றாள், குரல் வராமல்.

படம் மறைந்து, திரையின் மூலையில், கார்டில் இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்ற எண் வந்தது. 3,991.

தோளிலிருந்த கை நகரவில்லை. சிவப்பு விளக்கு மறுபடி கண் சிமிட்ட ஆரம்பித்தது.