ஒரு சிஸ்டத்தில் மட்டும் பில்டான மாட்யூல்

அக்சிலியாவின் சேலத்து அலுவலகத்துக்குள் நுழைந்த சுகன்யா, உட்காரும் முன்பே விஷயத்தைச் சொன்னாள். நாமக்கல்லில் குஞ்சு பொரிக்கும் ஹேச்சரி ஒன்றில் இன்குபேட்டர் தப்பான வெப்பத்தைக் காட்டி முப்பதாயிரம் முட்டைகள் வீணாகிவிட்டன. இன்குபேட்டரை இயக்கும் சிஸ்டத்தின் அடித்தளமான கர்னலுக்குள் உட்கார்ந்து வெப்பத்தைப் படிக்கும் மாட்யூல் அவள் எழுதியது. சாயங்காலத்துக்குள் அவள் வேலை போய்விடும்.

"கூட வேலை பாக்கற கோகுல்ராஜ் அதுல புதுசா ஒரு ஃபைல் சேர்த்தாருங்க. அதுக்கப்புறம் என் சிஸ்டத்துல மாட்யூலைக் கட்டினா, அந்த ஃபைல் கேக்கற ஹெடர் கிடைக்கலைன்னு எரர் வருது. அவரு சிஸ்டத்துல மட்டும் பில்டாகுது. என் சிஸ்டம்தான் கோளாறுன்னு சிரிக்கறாங்க."

"சிஸ்டத்தை மாத்திப் பார்ப்போமா மேடம்?" என்று துள்ளினான் உதவியாளன் ஜெரால்ட். மென்பொருள் கோளாறுகளைத் துப்பறிவதே தொழிலான அக்சிலியா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் கார் சாவியை எடுத்தான்.

திருச்செங்கோட்டில், இன்குபேட்டர் செய்யும் சுகன்யாவின் கம்பெனியில், முதலாளி அர்த்தநாரியும் கோகுல்ராஜும் காத்திருந்தார்கள்.

"வேற எதையாவது மாத்தினீங்களா?" என்று கேட்டாள் அக்சிலியா.

"ஒரே ஒரு ஃபைலுங்க. மாட்யூலை எப்படிக் கட்டணும்னு சொல்ற மேக்ஃபைலைத் தொடவே இல்லீங்க," என்றான் கோகுல்ராஜ்.

"அப்போ உங்க சிஸ்டத்துலயும் எரர்தான் வந்திருக்கணும்."

ஜெரால்டுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்க ஃபைல் கேக்கறது சாதாரண புரோகிராமுக்கான ஹெடர். கர்னலுக்குள்ள அந்த ஹெடரோட லைப்ரரியே கிடையாது. அதனால மாட்யூலைக் கட்டும்போது சிஸ்டம் அது இருக்கற ஃபோல்டரை எட்டிக்கூடப் பார்க்காது. யாராவது பாதை போட்டுக் கொடுத்தாத்தான் போகும். எரர் காட்டின சிஸ்டம்தான் ஒழுங்கு," என்றாள் அக்சிலியா.

அவள் கோகுல்ராஜின் மேக்ஃபைலைத் திறந்தாள். கடைசி வரியில் அந்தப் பாதை இருந்தது. அதை அவன் யாருக்கும் அனுப்பவில்லை.

"ரெண்டு ஃபைல்லயும் வர்ற ஒரு டேட்டாவுக்குப் பேரு ஒண்ணு, அளவு ரெண்டு. சுகன்யா ஃபைல் கர்னல் கணக்குப்படி எட்டு பைட் இடம் விட்டிருக்கு. உங்க ஃபைல் அதுல நூத்தி இருபத்தெட்டு பைட் எழுதுது. பக்கத்துல இருந்த வெப்பக் கணக்கு அழிஞ்சுபோச்சு."

பாவம் ஓரிடம், பழி ஓரிடம். கோகுல்ராஜ் தலையைத் தொங்கப் போட்டான். "வாசல்ல லோடு வண்டி நின்னுச்சுங்க. டிரைவர் ஹாரன் அடிச்சுட்டே இருந்தாரு. பாதை குடுத்தேன், எரர் போயிருச்சு. மாட்யூலை மெஷின்ல ஏத்தி அனுப்பிட்டேன்."

ஜெரால்டுக்கு அவன்மேல் கோபமும் வந்தது, பரிதாபமும் வந்தது.

"இதே மாட்யூல் இன்னும் எத்தனை மெஷின்ல ஓடுது?"

"பதினொண்ணு," என்ற அர்த்தநாரியின் முகம் வெளுத்தது. சுகன்யாவைப் பார்த்து, "நாளைக்கு எப்பவும்போல வேலைக்கு வந்துரு சாமி," என்றார்.

"பதினோரு மெஷினையும் சரிபண்ணிக் குடுத்துட்டுத்தான் போவேனுங்க. அப்புறம் வரமாட்டேன்."

"ஏஞ்சாமி?"

"எரர் வந்தா ஏன் வந்துச்சுன்னு இங்க யாரும் கேக்கறதில்லைங்க," என்றாள் சுகன்யா. "மெஷினையும் கேக்கலை, என்னையும் கேக்கலை."