பூட்டிய பெட்டியும் ஓடிய லாரியும்

தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு, காப்பியைத் தொடாமலே பேசினான் ஹார்லன் குசேரா.

"மெர்லண்ணே, போதைமருந்து டெஸ்ட்டுக்கு நான் மறுத்து ஓடிட்டேனாம். கம்பெனி என்னை வண்டியிலிருந்து இறக்கிடுச்சு."

மறுத்தவனுக்கும் போதைமருந்து சாப்பிட்டு மாட்டிக்கொண்டவனுக்கும் சட்டத்தில் ஒரே தண்டனைதான். நெப்ராஸ்கா மாநிலத்தில் லாரி ஓட்டுகிற எல்லாருக்கும் அது தெரியும்.

மெர்ல் டோஸ்டல், லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் நெடுஞ்சாலை எடைமேடையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். செல்போன் வராத காலம் அது. ஓட்டுநர்கள் வண்டி ரேடியோவில் ஒருவரையொருவர் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்து, இருவரும் உட்கார்ந்திருந்த அந்தச் சாலையோர உணவகத்தின் முன்னால் வண்டியை நிறுத்துவார்கள். கதவைத் திறந்தால் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட 'பை' பலகாரத்தின் வாசனை. இப்போது அங்கே நிற்கிற கண்ணாடிக் கட்டடத்துக்கு வாசனையே கிடையாது.

"நடந்ததைச் சொல்லு."

"நேத்து டெஸ்ட்டுக்கு ஆள் எடுக்கிற குலுக்கல்ல என் பேர் வந்துச்சு. டீசல் பம்புக்குப் பக்கத்துல ஆபீசா வச்சிருக்கிற டிரெய்லருக்குப் போய், டெஸ்ட் எடுக்கிற வில்மாகிட்ட சிறுநீர் கொடுத்தேன். முடிஞ்சுது, போன்னு சொன்னா. இங்க வந்து பை சாப்பிட்டு, வண்டியை எடுத்துட்டுப் போயிட்டேன்."

"ரெண்டு துண்டு," என்றாள் பரிமாறிக்கொண்டிருந்த டாட்டி. "ஓடிப்போறவன் உட்கார்ந்து ரெண்டு துண்டு தின்பானா, பெரியவரே?" டிரெய்லருக்குப் போக மெர்ல் எழுந்ததும், "நானும் வர்றேன்," என்று ஏப்ரனை அவிழ்த்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

டிரெய்லரில் வில்மா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"அப்பவே கொடுத்த சிறுநீர்னா சூடா இருக்கணும். கிண்ணத்துல ஒட்டின வெப்பப் பட்டை நிறமே மாறல. அவ்வளவு சில்லுனு இருந்துச்சு. வேற யாரோடதையோ வெளியிலிருந்து கொண்டுவந்துட்டான்னு நினைச்சேன். ஒரு ஆம்பளை பக்கத்துல நிக்க இன்னொரு தடவை கொடுக்கணும்னு சொன்னேன். உடனே கதவைத் தள்ளிட்டு ஓடிட்டான்."

மெர்ல் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். ஒரு மூலையில் தொலைபேசி. எதிர்ப்பக்கம் ஜன்னல், கண்ணாடியின் உட்புறத்திலும் பனி படிந்திருந்தது. அதன் கீழே ஓர் இரும்புப் பெட்டி.

"இது எதுக்கு?"

"பாக்கெட்ல இருக்கறதை எல்லாம் இதுல போட்டுப் பூட்டிடுவேன். சூயிங்கம்கூட கழிப்பறைக்குள்ள போக முடியாது. சாவி என் கழுத்துலதான் இருக்கும். எல்லாம் முடிஞ்சப்புறம் நானே திறந்து கொடுப்பேன்."

"ஹார்லன் என்ன போட்டான்?"

"பேனாக்கத்தி. வண்டிச் சாவி."

"டாட்டி, உன் கடையில அவன் கையில என்ன இருந்துச்சு?"

"வண்டிச் சாவிக்கொத்து. அதுல தொங்குற திறப்பானாலதான் ரூட் பீர் சோடா மூடியைத் திறந்தான்." டாட்டியின் வாய் பாதியில் நின்றது. "அட."

"வில்மா," என்றார் மெர்ல். "பெட்டி உடையல. சாவி உன் கழுத்துல. ஓடிப்போனவன் லாரியை எதை வச்சுக் கிளப்பினான்?"

வில்மாவின் கை கழுத்துச் சாவிக்குப் போனது.

"நீதான் திறந்து கொடுத்திருக்கே. அப்படின்னா வேலை முடிஞ்சுதுன்னு அனுப்பியிருக்கே. பட்டையைப் பார்த்தது அதுக்கப்புறம்தான். அதுவரைக்கும் கிண்ணம் எங்க இருந்துச்சு? இந்த ரூம்ல அவ்வளவு சில்லுனு ஆகுற இடம் அந்த ஜன்னல் விளிம்பு ஒண்ணுதான்."

"அக்கா போன் பண்ணினா," என்றாள் வில்மா. "அவ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டா. கிண்ணத்தை அங்க வச்சுட்டு, பேசிக்கிட்டே இவனை அனுப்பிட்டேன். அப்புறம் பட்டையைப் பார்த்தேன். வேலை போயிடும்னு பயந்து, அவன் ஓடிட்டான்னு சொல்லிட்டேன், மெர்ல்."

"உன் வேலை போனாலும் போகலாம். அவன் வேலை போயிடுச்சு."

ஹார்லன் கதவருகே நின்றான். "கேட்டிருந்தா இன்னொரு தடவை கொடுத்திருப்பேனே, வில்மா," என்று மட்டும் சொன்னான்.

அவள் தொலைபேசியை எடுத்துக் கம்பெனிக்கு எல்லாவற்றையும் சொன்னாள். அந்த டெஸ்ட் செல்லாது என்றானது. ஹார்லன் மறுநாளே கால்நடை ஏற்றிக்கொண்டு கிளம்பினான். வில்மாவை மறுபடி பயிற்சிக்கு அனுப்பினார்கள், திரும்பி வந்தாள்.

பனி உருகிய பிறகு குலுக்கலில் ஹார்லனின் பெயர் மீண்டும் வந்தது. டிரெய்லருக்குள் நுழைந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"இந்தத் தடவை போன் அடிச்சா எடுக்காதே."

வில்மா தொலைபேசிக் கம்பியை ஏற்கெனவே பிடுங்கி வைத்திருந்தாள்.