பெடலில் மட்டும் தூசி இல்லை

அந்த வீட்டுப் படியேறும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது. பழைய டிரம் செட்டுகளை மதிப்புப் போடுவதும் பழுது பார்த்துக் கொடுப்பதும் அவர் தொழில். வாசிப்பவர்கள் எல்லாரும் அவரை 'டாக்டர்' என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாகக் குனிந்து குனிந்து சொந்த இடுப்பைத் தொலைத்துவிட்ட டாக்டர்.

கதவைத் திறந்த அம்மாளுக்குக் கண்கள் குழி விழுந்திருந்தன.

"கடைசி ரூம். விலையெல்லாம் எனக்குச் சொல்ல வேண்டாம் சார். இன்னிக்கே எடுத்துட்டுப் போயிடுங்க, அது போதும்."

"என்ன தேறும்னு பார்க்காம எப்படிம்மா எடுக்கிறது? ஒரு அரை மணி நேரம் குடுங்க."

அறையில் தைல வாடை. சுருட்டிய மெத்தையோடு ஒரு இரும்புக் கட்டில். அதன் பக்கத்தில் டிரம் செட். முத்து வெள்ளையாக இருந்த மேல்பூச்சு பழைய பல் மாதிரி மஞ்சளித்திருந்தது. மரத்தில் வெடிப்பு இல்லை. திருகாணிகள்கூட மாற்றாத அசல். சிம்பல் தட்டு ஒன்று மட்டும் ஓரத்தில் விரிசல் விட்டிருந்தது. பெரிய டிரம்மை அடிக்கும் பெடலைப் பார்க்க முட்டி போட்டு உட்கார்ந்தார்.

எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குத் தூசி.

பெடலில் மட்டும் இல்லை.

"யாராவது வாசிக்கிறாங்களா?"

"நான் ஒருத்திதான் இருக்கேன்." அந்த அம்மாள் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. "என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் போயிடுச்சு. மூணு வருஷம், தினம் சாயந்திரம் நாலு மணிக்கு அந்த ஸ்டூல்ல தூக்கி உட்கார வைப்பேன். பெடல் மேல காலை எடுத்து வைப்பேன். அசையாது. அதையே முறைச்சுப் பார்த்துட்டு இருப்பார். போய்ச் சேர்ந்து எட்டு மாசமாச்சு."

குரல் தாழ்ந்தது.

"இப்பவும் நாலு மணிக்கு அந்த டிரம் சத்தம் ஆரம்பிக்குது. விடிய விடிய நிக்காது. அவர் இருந்தப்பவும் எனக்குத் தூக்கமில்ல, போன பிறகும் இல்ல."

துக்க வீடுகளில் இப்படி எத்தனையோ கேட்டிருக்கிறார். பெடலைக் கழற்றி இழுத்தார். வரவில்லை. யாரோ மேலே ஏறி நிற்பது போல இருந்தது. பல்லைக் கடித்து இழுத்ததும் சட்டென்று விட்டுக் கொடுத்தது. மல்லாந்து விழுந்தார்.

கையிலிருந்த பெடலில், அப்போதுதான் கழற்றிப் போட்ட செருப்பின் சூடு.

பட்டறையில் ஒரு வாரம் வேலை ஓடியது. துடைத்து, எண்ணெய் விட்டு, புதுத்தோல் மாட்டினார். கடைசியாகப் பெடலைப் பிரித்தபோது கை நின்றது. ஸ்பிரிங்கின் திருகைக் கடைசிப் புரி வரை தளர்த்தி வைத்திருந்தார்கள். வாசிக்கிற எவனும் அப்படி வைக்க மாட்டான். துளி வலுவும் இல்லாத கால் ஒன்று, ஒரே ஒரு அடியாவது விழாதா என்று ஏங்கிச் செய்த வேலை அது.

"பாவம்யா நீ" என்று முணுமுணுத்தபடி திருகை முறையாக முறுக்கினார்.

எல்லாவற்றையும் கோத்து முடித்தபோது பிற்பகல் நாலு மணி தாண்டியிருந்தது. சோதித்துப் பார்க்க ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலைப் பெடலில் வைத்தார்.

ஏதோ ஒன்று அவர் காலுக்குள் தன் காலை நுழைத்தது.

காலுறைக்குள் கால் போகிற மாதிரி, நிதானமாக. முழங்கால் வரை சில்லென்று ஏறியது.

தும்.

அவர் மிதிக்கவில்லை.

தும்.

ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார். பட்டறையைப் பூட்டினாரா இல்லையா என்றுகூட நினைவில்லை. வீட்டுக்கு வந்து, சாப்பிட்டது பாதி சாப்பிடாதது பாதியாகப் படுத்துவிட்டார்.

மறுநாள் வேலைக்குப் போகவில்லை. மதியம் நாற்காலியில் கண்ணசந்திருந்தவரை மனைவியின் குரல் எழுப்பியது.

"காலை ஆட்டாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது? நேத்து ராத்திரி பூரா கட்டிலே ஆடுச்சு. பொட்டுத் தூக்கமில்ல எனக்கு."

குனிந்து பார்த்தார்.

குதிகால் தரையில் ஊன்றியிருக்க, வலது பாதம் எழுந்து எழுந்து விழுந்தது. நாலு எண்ணி ஒரு அடி. நாலு எண்ணி ஒரு அடி. இரண்டு கையாலும் முழங்காலை அழுத்திப் பிடித்தார்.

அது நிற்கவில்லை.

போன் அடித்தது. அந்த அம்மாள்தான். அவள் குரலை அவருக்கு அடையாளமே தெரியவில்லை, அத்தனை தெளிவு.

"சார், நீங்க எடுத்துட்டுப் போயும் ஒரு வாரம் சத்தம் கேட்டுட்டேதான் இருந்தது. நேத்து சாயந்திரம் பொட்டுன்னு நின்னுடுச்சு. அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினேன். இப்பதான் எழுந்திருக்கேன்." கொஞ்சம் தயங்கினாள். "அங்க... ஒண்ணும் இல்லையே சார்?"

அவர் தன் காலைப் பார்த்தார். மூன்று வருடம் தூக்கித் தூக்கி வைத்த அவள் கைகளை நினைத்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. நிம்மதியாத் தூங்குங்க."

அவர் போனை வைத்தபோது, இடது காலும் சேர்ந்துகொண்டது.