இடது பின் கதவு

மாஸ்டர் இரண்டு முறை தட்டினார். சத்தம் மூன்று முறை கேட்டது.

காதுதான் ஏமாற்றுகிறது என்று முதலில் நினைத்தார். வெளியே மழை ஷெட்டின் தகரக் கூரையில் விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. கூரை ஓட்டை வழியாக ஒரு சொட்டு காரின் மேல் விழுந்திருக்கலாம். விரலை மடக்கி மறுபடியும் அதே இடத்தில், இடது பின் கதவின் கைப்பிடிக்கு ஒரு சாண் கீழே, டொக் டொக் என்று தட்டினார். இரண்டுதான் கேட்டது. அப்பாடா என்று கையை எடுத்த பிறகு மூன்றாவது வந்தது. அது உள்ளேயிருந்து வந்தது.

அவரை மெக்கானிக் என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும். அவர் எதையும் பழுது பார்ப்பவர் இல்லை. பழைய கார் வாங்குகிறவர்கள் கையைச் சுட்டுக்கொள்ளாமல் இருக்க, அவர்கள் சார்பில் போய் வண்டியின் வண்டவாளத்தைக் கண்டுபிடித்துச் சொல்பவர். விற்பவரிடம் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். விரல் முட்டியால் தட்டித் தட்டியே எங்கே அடிபட்டது, எங்கே பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். நல்ல தகரம் கணீரென்று பேசும், பட்டி பூசிய இடம் மொத்தென்று முனகும். அதனால் பட்டறைகளில் அவருக்குத் தட்டு மாஸ்டர் என்று பெயர். தொழிலில் அவருக்கு இருந்தது ஒரே விதி. விற்பவர் எந்த இடத்தைத் தொடாதே என்கிறாரோ, அங்கேதான் முதலில் கை வைக்க வேண்டும்.

இன்றைக்கு அவர் வந்தது ஊராருக்காக இல்லை, சொந்தத் தங்கைக்காக. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கணவனுக்குத் தொலைதூரத்தில் வேலை. விடியற்காலை ஷிஃப்ட் இருக்கும் நாட்களில் ஆறு வயது மகளைத் தூக்கக் கலக்கத்தோடு தோளில் போட்டுக்கொண்டு இரண்டு பஸ் மாறி ஓடுவாள். இந்தக் காரைப் படத்தில் பார்த்ததுமே மனதைப் பறிகொடுத்துவிட்டாள். பின் சீட்டில் பாப்பா காலை நீட்டித் தூங்கலாம் என்று வழியெல்லாம் அதே பேச்சு. இப்போது தாயும் மகளும் கேட்டுக்கு வெளியே மாஸ்டரின் காரில் உட்கார்ந்து, அவர் சொல்லப்போகும் ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தார்கள்.

காரை விற்கிற வீட்டுக்காரம்மா ஷெட்டின் வாசலில் குடையோடு நின்றார். புடவை ஓரம் நனைந்துகொண்டிருந்தும் உள்ளே ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. சாவியைக்கூடக் கையை நீட்டித்தான் கொடுத்தார். கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"எதை வேணும்னாலும் பாருங்க. அந்தப் பின் கதவுல சைல்டு லாக் போட்டிருக்கு, அதை மட்டும் எடுத்துடாதீங்க."

ஏன் என்று கேட்டதற்கு, லாக் கெட்டுப்போயிருக்கிறது, எடுத்தால் திரும்ப விழாது என்றார். உள்ளே இருக்கும் குழந்தை கைப்பிடியை எத்தனை இழுத்தாலும் கதவு திறக்காமல் இருக்க வைத்த சின்னத் தாழ்ப்பாள் அது, வெளியிலிருந்துதான் திறக்க முடியும். மாஸ்டர் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். வலிய வந்து காட்டிக்கொடுக்கிறாரே என்று, விதிப்படி அந்தக் கதவிலிருந்தே ஆரம்பித்தார்.

மூன்றாவது சத்தத்துக்குப் பிறகு சிரிப்பு போய்விட்டது. கதவுக்குள் கண்ணாடி ஏற்றும் கம்பி எதுவும் கழன்று ஆடுகிறதோ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தார். சீட் காலி. உறை புதிது, தரைவிரிப்பில் ஈரமில்லை, துருவில்லை. மூடிக்கிடந்த வண்டியின் வாடை வந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. தூங்கி எழுந்த குழந்தையின் தலை வியர்வை வாடை, வெதுவெதுப்பாக, இப்போதுதான் எழுந்ததுபோல. பாப்பா அவர் தோளில் தூங்கும்போதெல்லாம் அவர் ஆசையாக முகர்ந்த அதே வாடை.

"வீட்டுல சின்னப் பிள்ளைங்க இருக்காங்களா?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டார்.

"இல்லீங்க. எங்களுக்கு முன்னாடி வச்சிருந்தவங்களுக்கும் இல்லைன்னாங்க."

பயமாகத்தான் இருந்தது. ஆனால் முப்பது வருடப் பழக்கம் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது. கதவின் விளிம்பில் இருந்த சின்ன நெம்பியை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தள்ளினார். கெட்டுப்போனதாகச் சொன்ன லாக் வழுக்கிக்கொண்டு விடுபட்டது, திரும்பத் தள்ளினால் விழுந்தது, மறுபடி எடுத்தால் வந்தது. அந்த அம்மா பொய் சொல்லியிருக்கிறார். பொய்யைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் அடுத்த வேலையையும் கை தானாகச் செய்தது. லாக்கை எடுத்தால் உள்ளே உட்கார்ந்து திறந்து பார்க்க வேண்டும். அவர் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

மழைச் சத்தம் அறுந்தது. தன் மூச்சு மட்டும் கேட்டது. அப்போதுதான் உள் கைப்பிடியைப் பார்த்தார். பூச்செல்லாம் போய், தேய்ந்து, வெறும் உலோகம் பளபளத்தது. மற்ற மூன்று கதவுகளின் கைப்பிடிகளைத் திரும்பிப் பார்த்தார். மூன்றும் புத்தம் புதிதாக இருந்தன.

தேய்மானம் பொய் சொல்லாது. உள்ளேயிருந்து திறக்காத கதவு இது. திறக்காத கைப்பிடியை இத்தனை ஆயிரம் முறை இழுத்தது யார்?

மூச்சு இரண்டாகக் கேட்டது.

அவர் கையை நீட்டினார். விரல் படவில்லை. படுவதற்கு முன்பே கைப்பிடி மடங்கியது. கதவு திறந்தது. பக்கத்து சீட் அதுவரை அமுங்கியிருந்திருக்கிறது, அதை அவர் கவனிக்கவில்லை. இப்போது மெல்ல மேலே எழும்பியது. அவர் தொடையில் எதுவோ ஊன்றியது. இரண்டு சின்ன முழங்கால்கள். வெதுவெதுப்பு அவரைத் தாண்டி ஏறி, இறங்கி, போய்விட்டது.

எப்படி வெளியே வந்தார் என்று தெரியவில்லை. ஷெட் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதாவது செய்ய வேண்டும்போல் இருந்தது, அதனால் கதவைத் தட்டினார். கணீர், கணீர். அதற்குமேல் ஒன்றும் இல்லை. வெறும் தகரம், வெறும் கார்.

வீட்டுக்காரம்மா குடையைக் கீழே போட்டார். முதல் தடவையாக உள்ளே வந்தார். காரைச் சுற்றி நடந்து, பின் சீட்டைக் குனிந்து பார்த்து, கூரைமேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். அது துக்கத்தில் அழுகிற அழுகை இல்லை.

"வண்டி விக்கலீங்க. இனிமே நாங்களே வச்சுக்கறோம்" என்றார்.

மாஸ்டர் சாவியை அங்கேயே போட்டுவிட்டு மழையில் ஓடினார். தங்கையிடம், அவர்கள் விற்கவில்லையாம் என்று மட்டும் சொல்லி வண்டியைக் கிளப்பினார். ஏமாற்றத்தில் அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். நல்லவேளை என்று அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. தப்பித்தோம், பாப்பா அந்தச் சீட்டில் உட்காரவே இல்லை, அது போதும். தெரு தாண்டி, சிக்னல் தாண்டி, ஆற்றின் மேல் போகும் நீளமான பாலத்தில் ஏறியபோதுதான் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார்.

பாலத்தில் ஓரமாக நிறுத்த இடமில்லை. பின்னால் ஒரு லாரி ஒட்டிக்கொண்டு வந்தது.

தங்கை பெருமூச்சு விட்டாள். "நீ வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி இவ கதவைத் திறந்து வச்சுட்டாண்ணா, சாரல் எல்லாம் உள்ள. கேட்டா, நனைஞ்சுட்டு நிக்குதுன்னு சொல்றா. ஏதோ பூனை போல."

அவர் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். பார்க்காமல் இருக்க முடியவில்லை. பாப்பா வலது ஓரத்தில், கதவோடு ஒட்டி, முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்திருந்தாள்.

"பாப்பா." கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "ஏன்டா அவ்வளவு ஓரத்துல?"

"இடம் விட்டிருக்கேன் மாமா."

அவர் பிரேக்கைத் தொட்டார். லாரியின் ஹாரன் அலறியது. மறுபடி கண்ணாடி. பாப்பா காலியான சீட்டின் பக்கம் தலையைச் சாய்த்து, கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மாமா, இறங்கணுமாம். என்னையும் கூட வரச் சொல்லுது."

அவளுடைய இரண்டு கைகளும் மடியில்தான் இருந்தன. இடுப்போரம் சீட் பெல்ட்டின் சிவப்புப் பொத்தான் உள்ளே அமுங்கியது. பெல்ட் அவள் மார்பிலிருந்து விலகி, யாரோ கையில் பிடித்துக் கொடுப்பதுபோல், நிதானமாக மேலே போனது.