சிவந்துபோன பாட்டில்

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா... கால்ல ஏறிடும்."

அவள் திரும்பினாள். நைட்ரஜன் சிலிண்டரைச் சாய்த்து, குழந்தைக்கு நடை பழக்குவதுபோல் உருட்டியபடி ஒருவன் ஆய்வகத்துக்குள் வந்தான். வெளியே நல்ல மழை. அவன் இமையில் ஒரு துளி மிச்சமிருந்தது... அதை ஏன் கவனித்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

"எப்பவும் ஒரு பெரியவர் வருவாரே?"

"எங்க அப்பா. முதுகுவலி. இனிமே கடைக்கு நான்தான்." ஸ்பேனரால் குழாயைப் பொருத்திக்கொண்டே பாட்டில் வரிசையைப் பார்த்தான். "உள்ள என்ன, சேறா?"

"பழைய பெட்ரோல் டேங்குக்கு அடியில எடுத்த மண். அதுல பாக்டீரியா இருக்கு. எண்ணெயைத் தின்னும். அந்தக் கடைசி வரிசை மீத்தேனைத் தின்னும்... அது மட்டும் தனியா முடியாது, ரெண்டு இனம் சேர்ந்துதான். காத்து பட்டா எல்லாம் போச்சு."

"மூச்சு விடாம சாப்பிடுறது எங்க அண்ணன் மட்டும்தான்னு நெனச்சேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "மூச்சு விடும். ஆக்சிஜனுக்குப் பதிலா சல்பேட்டை வச்சு. அதான் ரொம்ப மெதுவா வளருது. இந்த ஒரு பாட்டில் தேறவே ரெண்டு வருஷம் ஆச்சு."

உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்க வரிசையில் நிற்க வேண்டும் என்பாள் அம்மா. இன்று இவ்வளவு பேசியாகிவிட்டது. பேசியபடியே சிரிஞ்சை அந்தப் பாட்டிலின் ரப்பர் மூடியில் குத்தி, நைட்ரஜனைச் செலுத்தி, மாதிரியை எடுத்தாள்.

அவன் போன சற்று நேரத்தில் அந்தப் பாட்டில் இளஞ்சிவப்பாக மாறியது.

காற்று நுழைந்தால் காட்டிக்கொடுப்பதற்கென்றே சேர்த்திருந்த சாயம். உடனே கடைக்குப் போன் செய்தாள்.

"உங்க நைட்ரஜன்ல காத்து கலந்திருக்கு."

"இருக்காதுங்க."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

ஆய்வகத் தலைவி விஷயத்தைக் கேட்டதும், "அப்படின்னா கடையை மாத்திடலாம்மா" என்றார்.

அவன் மறுபடி நனைந்துகொண்டு வந்தான். சண்டை போடவில்லை. "அப்பா இருபது வருஷமா இங்க குடுக்கிறார். அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. இதே கேஸை வேற பாட்டில்ல விட்டுப் பாருங்களேன்."

நியாயம்தான். சாயம் மட்டும் கலந்த, மண் போடாத பாட்டில் ஒன்றை எடுத்தாள். சிரிஞ்சில் நைட்ரஜனை இழுத்து வெளியே தள்ளினாள். மறுபடி இழுத்து, மறுபடி தள்ளி... சிரிஞ்சுக்குள் இருக்கும் காற்று போக முதலில் இப்படிக் கழுவ வேண்டும்.

கை அப்படியே நின்றது.

காலையில் இதைச் செய்தோமா?

பாட்டிலில் செலுத்தினாள். தண்ணீர்போல் தெளிவாகவே இருந்தது.

வாயைத் திறக்காமல் இருந்துவிடலாம். அப்படி இருப்பது அவளுக்கு வழக்கமும்கூட. தலைவி எட்டிப் பார்த்தார். "என்னம்மா, வேற கடைக்குச் சொல்லிடவா?"

"வேண்டாம் மேடம். கேஸ் நல்லாத்தான் இருக்கு. நான்தான்... சிரிஞ்சைக் கழுவாம குத்திட்டேன்."

"நீயா? தூக்கத்துல கேட்டாக்கூட அதைத்தான முதல்ல சொல்லுவ." வியப்போடு பார்த்துவிட்டுத் தலைவி போய்விட்டார்.

அவன் மெல்லக் கேட்டான். "எப்படி மறந்தீங்க?"

அவள் சிவந்த பாட்டிலைப் பார்த்தாள். ரெண்டு வருஷ உழைப்பு. இனி மறைக்க என்ன இருக்கிறது...

"உங்க இமையில ஒரு மழைத்துளி இருந்துச்சு. அது எப்ப விழும்னு... அதையே பாத்துட்டிருந்தேன்."

அவன் கையிலிருந்த ஸ்பேனரை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தான். அது உள்ளே போகவில்லை.

"இது... செத்துப்போச்சா?"

"உள்ள போன காத்து கொஞ்சம்தான். உள்ள உயிர் இருந்தா தானாத் தெளியும். ஆனா மெதுவா."

"தெளியுற வரைக்கும் அப்பப்ப வந்து பாக்கலாமா?"

வெளியே மழை விட்டிருந்தது. அவன் இமையில் இப்போதும் ஒரு துளி.

"தெளிஞ்சதுக்கு அப்புறமும் வாங்க," என்றாள்.