பாதியில் நின்ற சொல்

மூன்று நாட்களாகப் பெரும்பாலும் கிளம்ப மறுத்த வண்டி, அன்று பிற்பகல் சாவியை ஒருமுறை திருப்பியதுமே கிளம்பிவிட்டது. இருபத்திரண்டு வயதான ஒரு பிக்கப் வண்டியிடம் ஒழுங்கை எதிர்பார்ப்பது முறையன்று. ஆகவே அவன் வியக்கவில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கியபோதுதான், காலையில் பட்டறைச் சுவரில் தானே சாய்த்துவைத்த அட்டை, வண்டியின் கீழே நீளவாக்கில் விரிந்து கிடப்பதைக் கண்டான். மெக்கானிக் மல்லாந்து படுத்து வேலை செய்வதற்கான அட்டை அது. பல ஆண்டு எண்ணெய்க் கறை அதில் ஒரு மனிதனின் தோள்களாகவும் பின்னந்தலையாகவும் படிந்திருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தான். தோள்கள் இருந்த இடம் வெதுவெதுப்பாக இருந்தது.

அட்டையை இழுத்து மீண்டும் சுவரில் சாய்த்தான். கை கழுவினான். அச்சம் தோன்றியிருக்க வேண்டும், தோன்றவில்லை. இரண்டு மாதங்களாக எதுவுமே அவனுக்கு உரிய நேரத்தில் தோன்றுவதில்லை.

வண்டி அவனுடைய அண்ணனுடையதாக இருந்தது, அவர் இறந்தபின் இப்போது அண்ணியுடையது. மருத்துவமனைத் துணிகளைச் சலவைக்கு ஏற்றிச் செல்லும் வேலை அண்ணிக்குக் கிடைத்திருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு வண்டி அங்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் வேலை வேறொருவருக்குப் போய்விடும். ஒருபோதும் கிளம்பாத வண்டியைப் பழுதுபார்ப்பது எளிது. நினைத்தால் கிளம்பி, நினைத்தால் படுத்துவிடும் வண்டியிடம்தான் கெட்டிக்கார மெக்கானிக்கும் அசடு வழிய நேர்கிறது. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரை எல்லோரும் காற்று என்றே அழைப்பார்கள். அவர் முதல் நாளே எட்டிப் பார்த்து, டாக்டரைக் கண்டதும் பல்வலி நின்றுபோகிற சாதி இது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பேட்டரியில் குறையில்லை. டெர்மினல்களைச் சுரண்டித் துடைத்தாயிற்று. எர்த் வயரை இறுக்கியாயிற்று, ரிலேயை மாற்றியாயிற்று, வண்டியைக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரைக் கழற்றி உள்ளே பார்த்து, மறுபடி பூட்டியும் ஆயிற்று. ஒவ்வொரு முயற்சியையும் நேரம், வெயில், மழை உட்பட நோட்டில் குறித்துவைப்பது அவன் வழக்கம். பதினோரு முயற்சிகளில் மூன்று முறை வண்டி கிளம்பியிருந்தது. மூன்று முறையும் அட்டை வண்டியின் கீழே கிடந்தது. காகித அட்டைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பில்லை என்பதை அவன் அறியாதவன் அல்லன். இருப்பினும் குறித்துக்கொண்டான்.

இதே கோளாற்றை இதே இடத்தில் அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. அண்ணன் கீழே படுத்திருந்தார். அவன் மேலே, சாவியைப் பிடித்தபடி அமர்ந்திருந்தான். பட்டறை வழக்கம் எளியது. கீழே இருப்பவர் “அடி” என்றால் மேலே இருப்பவர் சாவியைத் திருப்ப வேண்டும். செல்ஃப் அடி என்பதன் சுருக்கம் அது. பஞ்சர் கடையின் கம்ப்ரஸர் உறுமத் தொடங்கிய கணத்தில், கீழிருந்து “அடி” என்று கேட்டது. அவன் திருப்பினான். ஹேண்ட்பிரேக் பிடிக்காத வண்டி என்பதால் அண்ணன் அதைக் கியரில் நிறுத்தியிருந்தார். வண்டி ஒரு முழம் துள்ளியது.

அண்ணன் கூற வந்தது “அடிக்காதடா” என்பதாக இருந்திருக்கும் என்று அவனுக்கு அன்று மாலைதான் தோன்றியது. நம் மொழியில் செய் என்பதும் செய்யாதே என்பதும் ஒன்றாகவே தொடங்குகின்றன; வேறுபாடு வால்பகுதியில்தான் வருகிறது. வால்பகுதியைக் கம்ப்ரஸர் விழுங்கிவிட்டது. தான் ரிலே வாங்கக் கடைக்குப் போயிருந்ததாகவும், அண்ணன் கீழிருந்தே ஸ்க்ரூடிரைவரால் மோட்டாரைத் தூண்டியிருக்க வேண்டும் என்றும் அவன் எல்லோரிடமும் கூறினான். எல்லோரும் நம்பினார்கள். அண்ணியும் நம்பினார். அதன்பின் அவன் அந்தச் சொல்லை உச்சரித்ததில்லை. அடியில் என்பதைக்கூடக் கீழே என்றே சொன்னான்.

மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மெல்லிய கம்பிதான்: சாவியிலிருந்து செல்ஃப் மோட்டாருக்கு வருவது. அதைக் கழற்றிச் சோதித்தால் கோளாறு ஒளிந்துகொள்ளும். பூட்டியபடியே சோதனை விளக்கின் முனையை அதில் வைத்து, சாவியைத் திருப்பும்போது விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இருவர் தேவை. ஐந்து மணிக்கு அண்ணி வந்தார். தூறல் தொடங்கியிருந்தது. பட்டறை முழுவதும் ஈர இரும்பின் வாசனை.

அவன் வண்டியை நியூட்ரலில் வைத்தான். நான்கு சக்கரங்களுக்கும் மரத்தாலான முட்டுக்கட்டை வைத்து, ஒவ்வொன்றையும் காலால் உதைத்துப் பார்த்தான். தான் “சாவி” என்றால் திருப்பும்படியும், “வேண்டாம்” என்றால் கையை எடுத்துவிடும்படியும் அண்ணியிடம் பணிவுடன் கேட்டுக்கொண்டான்.

“என்ன தம்பி, புதுசா சாவிங்கறீங்க? உங்க அண்ணன் அடின்னுதானே சொல்வார்.”

“அது வேணாம் அண்ணி.”

“வீட்ல மிக்சி போடணும்னாலும் அடிம்பார். நானும் சரிங்கன்னு போட்டுடுவேன்.” அண்ணி சிரிக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டார்.

அட்டையை எடுக்கத் திரும்பினான். சுவரோரம் அது இல்லை. ஏற்கெனவே கீழே விரிந்திருந்தது.

படுத்து, முதுகை நகர்த்தி உள்ளே சென்றான். வழக்கமாக நடுவில் படுப்பவன், இன்று ஏனோ அட்டையின் இடப்பாதியில் ஒதுங்கிப் படுத்தான். டீசல் வாடை மூக்கில் ஏறியது. தூரத்தில் தகரக் கூரைமீது தூறல் விழும் ஓசையும், எங்கோ ஒரு துளி நிதானமாகச் சொட்டும் ஓசையும் கேட்டன. விளக்கின் கவ்வியை வண்டியின் இரும்புச் சட்டத்தில் மாட்டினான்; முனையைக் கம்பியின் நுனியில் வைத்தான்.

வலப்புறம் மூச்சு ஒன்று கேட்டது.

தன் மூச்சாக இருக்கலாம் என்று எண்ணி அடக்கிப் பார்த்தான். அது அடங்கவில்லை.

பஞ்சர் கடையில் கம்ப்ரஸர் உறுமத் தொடங்கியது.

மரம் சிமெண்டில் உராயும் ஓசை. வண்டி லேசாக அசைந்தது. மேலே கியர் விழுந்தது.

“வண்டி நகருது தம்பி,” என்று அண்ணி உரக்கச் சொன்னார். “பயமா இருந்துச்சு, கியர்ல போட்டிருக்கேன்.”

வேண்டாம். அந்தச் சொல்லைத்தான் அவன் தயாராக வைத்திருந்தான். வாயைத் திறந்தான்.

“அடி.”

அவன் சொல்லவில்லை. அவன் காதருகே, அவனுக்கு நன்கு தெரிந்த குரலில், அது சொல்லப்பட்டது.

மேலிருந்து அண்ணியின் குரல். தம்பி என்று அழைக்கவில்லை.

“சரிங்க.”

கம்ப்ரஸர் நின்றது. அந்த நிசப்தத்தில், இரண்டு மாதம் தாமதமாக, மெதுவாக, மீதியும் வந்தது.

“...க்காதடா.”

கையிலிருந்த விளக்கு எரிந்தது.

அதன் மஞ்சள் வெளிச்சம் அட்டையின் மறுபாதியில் விழுந்தது. அண்ணன் அவனைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தார். நான்கு சக்கரங்களின் முட்டுக்கட்டைகளையும் அடுக்கித் தலைக்கு வைத்திருந்தார்.